சொகுசுப் படகுக்கு உள்ளலங்காரம்: கல்லும் துணியும் படுத்திய பாடு

படகு ஓனர் கைக்குப் போய்விட்டது, இனி தைரியமாகப் புலம்பலாம். அமீரகத்தில் ஒரு யார்டில், அதாவது படகு கட்டும் தளத்தில், கட்டிய மோட்டார் படகு. 50 மீட்டருக்கு மேல், 500 கிராஸ் டன்னையும் (இது உள்ளளவுக் கணக்கு, எடை அல்ல) தாண்டியது. ஓனர்கள் துபாயில் தொழில் செய்யும் தம்பதி. உள்வேலை எங்கள் பொறுப்பு. லேஅவுட், நிறம், விளக்கு எல்லாம் பெரிய சண்டை இல்லாமல் முடிந்தன. வில்லா, ஹோட்டல் இன்டீரியர் செய்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்காக, எங்கே அடிபட்டோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் அடி கல்லில். குளியலறைகளுக்கு மார்பிள்தான், அதையும் இத்தாலியின் கராராவில் நேரில் பார்த்துத்தான் எடுப்பேன் என்றார் மேடம். பைசாவில் இறங்கி, கல் கிடங்கு கிடங்காக அலைந்து, சாம்பல் ரேகை அள்ளித் தெளித்த ஒரு வெள்ளைக் கல்லைக் குறித்துவிட்டு வந்தோம். வந்து பார்த்தால் யார்டின் எடைக் கணக்கில் கல்லுக்கு ஒதுக்கியிருந்தது இரண்டேகால் டன். 20 மி.மீ. மார்பிள் சதுர மீட்டருக்கு 54 கிலோ. எங்களுக்கு வேண்டியது 100 சதுர மீட்டர். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் பாதி மேல்தளத்தில். மேலே எடை கூடினால் படகின் நிலைத்தன்மை குறையும், கப்பல் பொறியாளர் ஒரு கிலோ கூட விட்டுத்தர மாட்டார்.

அந்த எடைக் கணக்கை ஓனரின் பிரதிநிதியிடம் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தோம். "அதெல்லாம் யார்டு பாத்துக்கும், நீங்க டிசைனைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். நீங்கள் எழுதிக் கேளுங்கள், கணக்கு கைக்கு வராமல் கல் பார்க்க விமானம் ஏறாதீர்கள்.

வழி இருக்கிறது. கல்லை 5 மி.மீ. தடிமனுக்கு அறுத்து, உள்ளே தேன்கூடு மாதிரி வெற்றறைகள் இருக்கும் அலுமினியப் பலகையில் ஒட்டுவார்கள். எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு இருபது கிலோவைச் சுற்றித்தான் வரும். ஆனால் நாங்கள் குறித்த கல்லில் ரேகை அதிகம். மெல்லியதாக அறுத்தால் ரேகையோடேயே பிளந்துவிடும் என்று அறுப்பவர் கையை விரித்தார். போன பயணம் தண்டம். திரும்பப் போய் வேறு கல்.

பலகையில் ஒட்டிய புதுக் கல்லின் மாதிரியை மேடம் நகத்தால் தட்டினார். "என்ன, உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி சத்தம் வருது? இது நிஜக் கல்தானா?" எத்தனை விளக்கியும் அந்தச் சத்தம் அவர் காதை விட்டுப் போகவில்லை. கடைசியில் கை படுகிற இடத்தில், அதாவது வாஷ்பேசின் மேடையின் முன்விளிம்பில் மட்டும், அதே கல்லில் முழுத்தடிமன் பட்டை வைத்துக் காட்டினோம். தட்டினார். சரி என்றார். எடைக் கணக்கும் தப்பித்தது.

அடுத்தது துணி. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்த படகை, நடுவில் சார்ட்டருக்கும், அதாவது வாடகைக்கும், விடலாம் என்று ஓனர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல முடிவுதான், எங்களிடம் சொல்லியிருந்தால். வாடகைக்கு விடும் படகென்றால் தீ விதிகள் இறுகிவிடும். சப்ளையர் "சர்டிபிகேட் இருக்கு" என்று சொன்னது உண்மை. ஆனால் அது ஹோட்டல் கட்டிடத்துக்கானது. படகைச் சோதித்துச் சான்று தரும் சர்வேயர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிட்டார். அவர் கேட்டது ஐ.எம்.ஓ.வின் (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) 2010 எஃப்.டி.பி. கோடு என்ற தீச்சோதனை விதித்தொகுப்புப்படியான பேப்பர்: தொங்கும் திரைக்கு 7ஆம் பகுதி, சோபாவுக்கு 8, படுக்கைக்கு 9. சோபாவில் துணியைத் தனியாகச் சோதித்தால் போதாது, உள்ளே வைக்கும் நுரையோடு சேர்த்துத்தான். துணி மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. அப்புறம் என்ன, மேடம் துணியை மாற்றினார்.

எனவே பேப்பர் இல்லாத துணியை ஓனர் கண்ணிலேயே காட்டாதீர்கள். பிடித்துப்போய்விட்டால் தொலைந்தீர்கள்.

உருப்படியாக நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் கேபினை அசல் அளவில் பிளைவுட்டில் அடித்து யார்டு ஷெட்டில் நிறுத்தினோம். வீண் செலவு என்று பிரதிநிதி அதை வெட்டப் பார்த்தார், நான் விடவில்லை. சார் கட்டிலில் படுத்துப் பார்த்தார், மேடம் டிரெஸ்ஸிங் டேபிளில் உட்கார்ந்து டிராயரை இழுத்தார். பாதியிலேயே கட்டில் மூலையில் இடித்து நின்றது. வரைபடத்தில் எல்லோரும் ஓகே சொன்ன டிராயர் அது! அன்றைக்கே கட்டிலை நகர்த்தி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஒருவர் கையெழுத்தை மட்டும் நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள். மற்றவர் வந்து மாற்றுவார்.

இன்னும் சில்லறை விஷயங்கள்: பெரிய சோபாவை ஜன்னல் கண்ணாடி பொருத்தும் முன்பே உள்ளே ஏற்றிவிடுங்கள், கதவு வழியாக நுழையாது. வால்வு இருக்கும் இடத்தில் சுவர்ப் பலகை கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். வெனீர் (பலகை மேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு) வாங்கும்போது அதே மரத்தின் ஷீட்டுகள் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வையுங்கள், பின்னால் அதே ரேகை கிடைக்காது.

துணியை மறுபடி சோதித்த செலவு யார் தலையில் என்பது இன்னும் முடியவில்லை. பிரதிநிதி மெயிலுக்குப் பதில் போடுவதில்லை. நேற்று ஓனருக்கே நேரடியாக அனுப்பிவிட்டேன்.