எங்கள் ஊரை ஷாஜகான் கட்டிய கதை

வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் ஆங்கில டியூஷன் எடுக்கும் நான், ஆண்டுக்கொரு முறை 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதி வரச் சொல்வேன். வழக்கமாக, 'அவர் டவுன் இஸ் வெரி பியூட்டிபுல் டவுன்' என்று தொடங்கிக் குற்றால அருவியில் குளித்துவிட்டு முடிந்துபோகும் எட்டு வரிகள்தாம் வரும். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நீட்டிய நோட்டில், எங்கள் ஊர் யமுனைக் கரையில் இருப்பதாகவும், அதை ஷாஜகான் சிவப்பு மணற்கல்லால் கட்டியதாகவும், 2007-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததாகவும், ஒரு பிழைகூட இல்லாத ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

எங்கள் ஊர் தென்காசிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை.

"ஏல, யமுனை எங்கல ஓடுது?" என்றேன்.

"நான் எழுதல சார், போன்ல இருக்கிற ஏஐ எழுதிச்சு" என்றான், பழியை உரிய இடத்தில் இறக்கிவைத்த நிம்மதியோடு.

'எங்கள் ஊர் செங்கோட்டை, ஆங்கிலத்தில் கட்டுரை வேண்டும்' என்று அவன் தமிழில் தட்டியிருக்கிறான். அது ஊர்ப்பெயரையும் சேர்த்து 'ரெட் ஃபோர்ட்' என்று மொழிபெயர்த்துவிட்டது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தான் படித்த எழுத்துக்களின் கணக்கை வைத்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகித்து எழுதுவதுதான் அதன் தொழில். ஆகஸ்ட் 15 தோறும் 'செங்கோட்டையில் பிரதமர் கொடியேற்றினார்' என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதிக்கொண்டிருக்கையில், வாஞ்சிநாதன் பிறந்த ஊர் அதன் நினைவுக்கு எங்கே வரப்போகிறது?

தவறைச் சுட்டிக்காட்டியதும் அது உருகி உருகி மன்னிப்புக் கேட்டு, ஊரைத் தூக்கி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வைத்தது. எனக்குள் குறும்பு தலைதூக்கியது. "செங்கோட்டை கேரளத்தில் அல்லவா இருக்கிறது?" என்று தட்டினேன். மறுபடியும் மன்னிப்பு. 1956 நவம்பர் 1 அன்று எங்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்த்ததை, ஒரே வரியில் ரத்து செய்து கொடுத்தது. கடைசிவரை திருவனந்தபுரத்தையே தலைநகராக எண்ணிக்கொண்டிருந்த என் தாத்தா உயிரோடு இருந்திருந்தால், அதற்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்திருப்பார்.

இப்படி யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவரை வாத்தியாராக வைத்துக்கொள்ள முடியாது; மாணவனாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஏற்பாட்டை மாற்றினேன். கட்டுரையைப் பையனே எழுத வேண்டும். ஏஐ திருத்தி எழுதக் கூடாது, பிழையுள்ள வரியைக் காட்டி ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும். 'மை பாதர் ஹேவ்' என்று அவன் எழுதியதும், "அப்பா ஒருவர்தானே, ஹேவ் வருமா, ஹேஸ் வருமா?" என்று கேட்டது. பையன் பேனாவைக் கடித்தபடி யோசித்தான். ஓராண்டாக நான் சிவப்பு மையால் கிறுக்கியபோதெல்லாம் அவன் யோசித்ததாக நினைவில்லை.

அடுத்த வரியில்தான் சண்டை மூண்டது. அவனுடைய அப்பா பிரானூர் பார்டரில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். 'மை பாதர் பீட்ஸ் பரோட்டா' என்று எழுதியிருந்தான். 'பீட்' என்றால் தாக்குவது என்றும் பொருள்படுமே, 'மேக்ஸ்' என்பது பொருந்துமா என்று அது பணிவாகக் கேட்டது.

"மேக் பண்றது டீ சார். பரோட்டாவ அடிக்கத்தானே செய்யணும்?"

"அதை எங்கிட்ட ஏன் சொல்லுத? அதுகிட்ட இங்கிலீஷ்ல சொல்லு."

கால் மணி நேரம் ஆயிற்று. மாவை வீசிச் சுற்றிக் கல்லில் போடுவதையும், வெந்தபின் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரு கைகளாலும் ஓரத்தில் அடித்தால்தான் அடுக்கடுக்காக விரியும் என்பதையும், ஏழு வாக்கியங்களில், அதில் நான்கு தப்பில்லாமல், எழுதிவிட்டான்.

நீங்கள் சொல்வதே சரி என்று அது மன்னிப்புக் கேட்டது. இம்முறை நான் குறுக்கிடவில்லை. 'பீட்ஸ்' அப்படியே இருக்கட்டும் என்று நோட்டில் டிக் அடித்தேன்.