ஆற்றில் இல்லாத 18 சென்டிமீட்டர்

என் முதுகலை ஆய்வின் முதல் நான்கு மாதங்கள் ஆற்றைப் பார்க்காமலேயே கழிந்தன. எனக்குக் கொடுக்கப்பட்டது சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஆற்றுப்பகுதி. பெரிய வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறும் என்பதைக் கணினி மாதிரியில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். குறுக்குவெட்டு அளவுகளும் பல வருட நீர்மட்டப் பதிவுகளும் துறையிலேயே இருந்தன. உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம் என்று நம்பினேன்.

இந்தக் கணக்கின் அடியில் இருப்பது அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்த சமன்பாடு. ஆற்றின் சாய்வு, தண்ணீர் தொட்டு ஓடும் வடிவம், படுகையின் சொரசொரப்பு ஆகிய மூன்றும் தெரிந்தால் வேகம் கிடைக்கும். முதல் இரண்டையும் அளந்துவிடலாம். சொரசொரப்பைக் குறிக்கும் ‘என்’ என்ற எண்ணை நேரடியாக அளக்க முடியாது. பாடப்புத்தக அட்டவணையைப் பார்த்து ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். வழவழப்பான கான்கிரீட் வாய்க்காலுக்கு 0.012 அளவில், சுத்தமான நேரான ஆற்றுக்கு 0.030, வெள்ளச் சமவெளியில் அடர்ந்த மரங்கள் இருந்தால் 0.10 அல்லது அதற்கும் மேல். நான் 0.030 போட்டேன்.

சாதாரண ஓட்டத்துக்கு மாதிரி அழகாகப் பொருந்தியது. பதிவில் இருந்த பெரிய வெள்ளத்துக்கு மட்டும் என் நீர்மட்டம் 40 சென்டிமீட்டர் குறைவாக வந்தது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 0.030ஐ 0.035 ஆக்கினேன். அகலமான ஆற்றில் சொரசொரப்பு கூடினால் ஆழம் ஏறக்குறைய அதன் 0.6 அடுக்கில் கூடும். அதனால் 4 மீட்டர் ஆழத்தில் அந்தச் சின்ன மாற்றமே 40 சென்டிமீட்டரை ஈடுகட்டிவிட்டது. படம் பொருந்திய சந்தோஷத்தில் கைடிடம் கொண்டுபோனேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பொருந்துது, சரி. எதனால பொருந்துதுன்னு சொல்லு” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரமே ஆற்றுக்குப் போனேன்.

முதல் வேலை ஓட்டத்தை, அதாவது ஒரு நொடியில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை, அளப்பது. ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, பல இடங்களில் ஆழத்தையும் வேகத்தையும் அளந்து, ஒவ்வொரு இடத்தையும் சுற்றியுள்ள பட்டையின் பரப்பை வேகத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆழம் குறைவான இடத்தில் மேற்பரப்பிலிருந்து 0.6 பங்கு ஆழத்தில், நீரோட்டத்தின் வேகத்தை அளக்கும் கரன்ட் மீட்டரை வைத்தால் அந்த இடத்தின் சராசரி வேகம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். ஆழமான இடத்தில் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் அளந்து சராசரி எடுப்போம். மீட்டரின் கிண்ணங்கள் சுற்றுவதை ஒவ்வொரு தடவையும் குறைந்தது 40 நொடிகளாவது எண்ண வேண்டும். தண்ணீரின் வேகம் ஒரே இடத்தில்கூட ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை நொடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்கினால் 1ஐ நெருங்கும் இடத்தில் இறங்கவே கூடாது. புதிதாகக் களத்துக்கு வருபவர்கள் இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முழங்கால் ஆழத் தண்ணீர்கூட ஆளைச் சாய்த்துவிடும்.

முதல் நாள் 12 இடங்களில் சம இடைவெளி விட்டு அளந்தேன். கணக்குப் போட்டால், கரையோரம் இருந்த இரண்டே பட்டைகளில் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. ஒரு பட்டையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அங்கே ஒரு சின்னப் பிழை வந்தாலும் முழுக் கணக்கும் சாய்ந்துவிடும். நான் நின்றது ஆறு வளையும் இடம், வெளிப்புறக் கரையோரமாகத்தான் தண்ணீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். மறுநாள் நேரான பகுதிக்கு இடம் மாற்றி, ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் நெருக்கமாக, 25 இடங்களில் அளந்தேன். ஒரு நாள் போனது போனதுதான்.

அங்கேதான் நீர்மட்டம் குறிக்கும் பெரியவரைச் சந்தித்தேன். தினமும் காலையில் வந்து, கரையில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதுவார். நான் நான்கு மாதமாகக் கணினியில் பயன்படுத்தி வந்த எண்கள் எல்லாம் அவர் கையால் எழுதியவை. நான் அளக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர், எந்த வருடப் பதிவை எடுத்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“தம்பி, நடுவுல ஒரு வெள்ளத்துல இந்த அளவுகோல் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் புதுசா நட்டாங்க. பழைய பூஜ்யமும் இந்தப் பூஜ்யமும் ஒண்ணு இல்லையே, அதைக் கழிச்சியா?”

கழிக்கவில்லை. அளவுகோலின் பூஜ்யம் இருக்கும் உயரத்தோடு வாசிப்பைக் கூட்டினால்தான் நீர்மட்டம் கிடைக்கும். எனக்கு வந்த கோப்பில் அப்படி ஒரு குறிப்பே இல்லை. உயர வித்தியாசத்தை அளக்கும் லெவல் கருவியை எடுத்துவந்து, உயரம் தெரிந்த நிலையான மட்டக்குறியிலிருந்து அளவுகோல் வரை பார்த்தேன். நம்ப முடியாமல், திரும்பி வரும் வழியில் இன்னொரு தடவையும் பார்த்தேன். புதிய பூஜ்யம் பழையதைவிட 18 சென்டிமீட்டர் கீழே இருந்தது. அதனால் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு வாசிப்பும், பெரிய வெள்ளமும் சேர்த்து, பழைய பூஜ்யத்தோடு கூட்டும்போது 18 சென்டிமீட்டர் அதிகமாகத் தெரிந்திருக்கிறது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆற்றில் இல்லவே இல்லாத 18 சென்டிமீட்டரை நான் படுகையின் சொரசொரப்பு என்று பெயர் வைத்து மாதிரிக்குள் ஏற்றியிருந்தேன். ‘என்’ என்ற அந்த எண் எதையும் தாங்கிக்கொள்ளும், தப்பான பூஜ்யத்தைக்கூட. அந்த மாதிரியை வைத்து யாராவது கரையின் உயரத்தை முடிவு செய்திருந்தால்?

மீதி 22 சென்டிமீட்டருக்குக் காரணம் தேட வேண்டியிருந்தது. கரையோரம் முழுக்க நாணல். அதுதான் தண்ணீரைத் தடுக்கிறது என்று நினைத்தேன். கைடு ஃப்ளூமில் பார்க்கச் சொன்னார். ஃப்ளூம் என்பது ஆய்வகத்தில் இருக்கும் நீண்ட கண்ணாடித் தொட்டி, சாய்வையும் ஓட்டத்தையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். ஆற்றை அப்படியே சுருக்கி அதில் வைத்துவிட முடியாது. 25இல் ஒரு பங்காகச் சுருக்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்காகவும், ஓட்டம் 3125இல் ஒரு பங்காகவும் ஆக வேண்டும். சொரசொரப்பையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும், 0.030 இருந்த இடத்தில் ஏறக்குறைய 0.0175. அதனால் நாங்கள் ஆற்றைச் சுருக்காமல், வளையும் பிளாஸ்டிக் பட்டைகளை வரிசையாக நட்டு, வளைவதால் என்ன ஆகிறது என்பதை மட்டும் பார்த்தோம். ஓட்டம் குறைவாக இருந்தபோது பட்டைகள் நிமிர்ந்து நின்று நன்றாகவே தடுத்தன. ஓட்டத்தைக் கூட்டக் கூட்ட எல்லாம் தரையோடு படிந்து தண்ணீருக்கு வழிவிட்டன. நான் நினைத்ததற்கு நேர் எதிர். பெரிய வெள்ளத்தில் நாணல் குற்றவாளியாக இருக்க வாய்ப்பில்லை.

மறுபடி ஆற்றுக்குப் போய், இந்தத் தடவை கரைக்கு அப்பால் நடந்தேன். வெள்ளத்தில் தண்ணீர் பரவும் சமவெளியில் தடித்த தண்டுள்ள புதர்கள் அடர்ந்திருந்தன. அவை வளைவதில்லை. குறுக்குவெட்டை எடுத்தபோது அங்கே என்ன இருந்ததோ தெரியாது, மாதிரியில் அது வெறும் தரையாக இருந்தது. ஆற்றின் நடுப்பகுதியை 0.030 என்றே விட்டு, சமவெளிக்குத் தனியாக 0.08 கொடுத்ததும் மட்டம் 3 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது. இப்போது கைடு கேட்டால் பதில் சொல்ல முடியும்.

அந்த வருடம் ஒரு நடுத்தர வெள்ளமும் வந்தது. பாலத்திலிருந்து எடைகட்டி மீட்டரை இறக்கி, ஏறுமுகத்தில் ஒரு தடவையும் இறங்குமுகத்தில் ஒரு தடவையும் அளந்தோம். அளவுகோலில் ஒரே மட்டம், 2.9 மீட்டர். ஆனால் ஏறும்போது ஓட்டம் அதிகம், இறங்கும்போது குறைவு. வெள்ளம் ஏறும்போது நீர்ப்பரப்பின் சாய்வு கூடுதலாக இருப்பதுதான் காரணம். பாடத்தில் படித்ததுதான், ஆனால் மழையில் நனைந்துகொண்டே அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதியபோது உடம்பு சிலிர்த்தது.

வாய்மொழித் தேர்வில் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் இணைக்கும் வளைவைத்தான் முதலில் கேட்டார்கள். 2.9 மீட்டர் வரை கோட்டை முழுதாகவும், அதற்கு மேல் இடைவிட்ட கோடாகவும் வரைந்திருந்தேன். ஏன் என்றார்கள். அதற்கு மேல் யாரும் அளக்கவில்லை, அது கணக்கில் நீட்டிய பகுதி என்றேன். பெரிய வெள்ளத்தின் உச்சம் அந்த நீட்டிய பகுதியில்தானே இருக்கிறது என்றார்கள். ஆமாம் என்றேன். அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம்.

அப்புறம், வெள்ளம் வடிந்த பிறகு பெரியவரோடு சேர்ந்து மறுபடி ஓட்டத்தை அளந்தேன். புதுப் புள்ளி பழைய வளைவுக்கு இடப்பக்கம் விழுந்தது. அதே மட்டத்துக்கு ஓட்டம் குறைந்திருந்தது, படுகையில் மணல் ஏறியிருந்தது. அவர் நோட்டின் ஓரத்தில் தேதி போட்டு, மணல் ஏறியதையும் அளவுகோல் பூஜ்யத்தின் மட்டத்தையும் எழுதிவைத்தார். நானும் என் கோப்பில் எழுதிக்கொண்டேன்.