பாசிசம் என்ற சொல்லுக்குள் ஒரு விறகுக்கட்டு

இத்தாலிய மொழியில் கொள்கைப் பெயர்கள் பெரும்பாலும் 'இஸ்மோ' என முடியும்: சோஷலிஸ்மோ, லிபரலிஸ்மோ. கிறிஸ்தவம் போன்ற சில மட்டும் 'ஏசிமோ' என முடியும்: 'கிறிஸ்தியானேசிமோ'. அந்த ஒலி எனக்குப் பிடிக்கும்.

ஆனால் மனதை விட்டுப் போகாதது 'ஃபாஷிஸ்மோ'தான், அதாவது பாசிசம். மூலச்சொல் 'ஃபாஷோ'. விறகுக்கட்டு என்போமே, அந்தக் 'கட்டு'. 1890களின் தொடக்கத்தில் சிசிலியின் ஏழை விவசாயிகளும் கந்தகச் சுரங்கத் தொழிலாளிகளும் தங்கள் சங்கங்களுக்கு வைத்த பெயர் அது. நிலத்துக்காகவும் கூலிக்காகவும் ஒன்றாகக் கட்டுண்டவர்கள். 1894இல் பிரதமர் கிறிஸ்பி ராணுவத்தை அனுப்பி நசுக்கினார். அப்புறம் 1919இல் மிலானில் முசோலினி தன் அமைப்புக்கும் அதே சொல்லை வைத்தார். இன்று உலகத்துக்குத் தெரிவது அவருடைய பொருள் மட்டும்தான்.

அந்தச் சுரங்கத் தொழிலாளிகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவர்களிடமிருந்து சொல்லையும் பறித்துவிட்டார்கள்.