வால்டன் ஏரியின் ஆழம்

அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் 1836-இல் வெளியிட்ட ‘இயற்கை’ என்னும் சிறுநூலை எப்போது எடுத்தாலும் எனக்கு மதிப்பும் மனத்தாங்கலும் சேர்ந்தே எழுகின்றன. முன்னோர்கள் கடவுளையும் இயற்கையையும் நேருக்கு நேர் கண்டிருக்க, நாம் மட்டும் ஏன் அவர்களுடைய கண்களின் வழியே பார்க்க வேண்டும் என்று அதன் தொடக்கத்திலேயே அவர் கேட்கிறார். மரபைவிடத் தம் உள்ளுணர்வையும் இயற்கையையும் நம்பிய அமெரிக்க ஆழ்நிலைவாதிகளை ஒன்றுசேர்த்த கேள்வி இதுதான். ஆனால் பக்கங்கள் நகர நகர, இயற்கை ஆன்மாவின் குறியீடாக, மனிதனுக்குப் பாடம் சொல்ல வந்த ஏடாக மாறிவிடுகிறது. மரமும் பாறையும் தம்மளவில் என்ன என்ற வினா பின்னுக்குப் போய்விடுகிறது.

அந்த வினாவை விடாமல் பற்றிக்கொண்டவர் அவருடைய இளைய நண்பரான தோரோ. மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊரருகே, எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில் குடில் கட்டி, 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை அவர் வால்டன் ஏரிக்கரையில் வாழ்ந்தார். அந்த ஏரிக்கு அடியே இல்லை என்று அக்கம்பக்கத்தார் நெடுங்காலமாக நம்பிவந்தார்கள். அளந்து பார்க்க எவரும் மெனக்கெடவில்லை. 1846-இன் தொடக்கத்தில், பனிக்கட்டி உடைவதற்கு முன், தோரோ திசைகாட்டியும் சங்கிலியும் கயிறும் கொண்டு ஏரியை அளந்தார். கயிற்றின் நுனியில் சுமார் ஒன்றரைப் பவுண்டு எடையுள்ள ஒரு கல். அது தரையை விட்டு எழும் கணத்தில், அடியில் நீர் புகுந்து தூக்கிவிடும்வரை, கூடுதல் பலத்துடன் இழுக்க வேண்டியிருக்கும். அந்தக் கனத்தைக் கொண்டே கல் எப்போது தரையை விட்டது என்பதைத் துல்லியமாக அறிந்தார். மிகுதியான ஆழம் 102 அடி. அளந்து முடித்த பிறகும், இந்த ஏரி ஒரு குறியீடாகும்படி ஆழமாகவும் தூய்மையாகவும் அமைந்ததற்கு நன்றி என்றே எழுதினார். அளந்து பார்த்தது அவருடைய பக்தியைக் குறைக்கவில்லை என்பதுதான் என்னை மீண்டும் மீண்டும் அவரிடம் இழுக்கிறது.

அதே ஆண்டு மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் ஏறியபோது, மனிதனிடம் கனிவு காட்டக் கடமைப்படாத, எவருடைய தோட்டமும் அல்லாத இயற்கையை அவர் கண்டார். அதை எழுதும் இடத்தில் அவருடைய எழுத்துநடை தடுமாறுகிறது. நாம் யார், எங்கே இருக்கிறோம் என்று கதறுகிறார். இயற்கை நம் மனத்தின் கண்ணாடி என்ற நம்பிக்கை அந்த மலையில் விரிசல் கண்டதாகவே நான் வாசிக்கிறேன்.

1862-இல் தோரோ இறந்தபோது ஆற்றிய இரங்கலுரையில் எமர்சன் ஒரு குறையைச் சொன்னார்: அமெரிக்கா முழுமைக்கும் பெரும்பணி ஆற்றியிருக்க வேண்டியவர், லட்சியம் இல்லாததால், ஹக்கிள்பெரிப் பழம் பறிக்கப் போகும் கூட்டத்தின் தலைவராக நின்றுவிட்டார் என்று. அன்போடு சொன்னதுதான், ஆயினும் என்னால் ஏற்க முடியவில்லை. காடுமேடாக அலைந்த அந்த நடைகளில்தான், 1850-களில், கான்கார்டின் செடிகள் ஒவ்வொன்றும் எந்நாளில் முதற்பூ விட்டது என்று தோரோ ஆண்டுதோறும் குறித்துவந்தார். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்றைய பூக்கும் நாட்களை அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, புவி வெப்பமாவதால் அங்கே வசந்தம் எவ்வளவு முந்தி வருகிறது என்பதைக் கணித்திருக்கிறார்கள்.