கேபிள் நோட்டு

பதினான்கு மாதம் மட்டுமே ஓடிய ஒரு எலக்ட்ரானிக் இசைக்குழுவில் நான் வேலை பார்த்தேன். வாசித்தேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். மேடையில் நான்கு பேர், ஐந்தாவதாக நான், மேடைக்குப் பின்னால், கழுத்தில் டார்ச்சும் கையில் இன்சுலேஷன் டேப்புமாக. குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. முதல் மூன்று மாதம் பெயர்ச் சண்டையிலேயே போனது, கடைசியில் வைத்த பெயரும் இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை, இப்போது எழுதினால் பழைய சண்டை மறுபடி ஆரம்பிக்கும்.

அப்போது எனக்குப் பகலில் கருவிகள் பழுது பார்க்கும் வேலை. ஒருநாள் ஒரு பையன் யமஹா டிஎக்ஸ் 7 கீபோர்டு ஒன்றைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தான். இரண்டு கட்டையில் சத்தம் வரவில்லை. 1983-ல் வெளிவந்த மாடல், என் மேஜைக்கு வந்தபோது அதற்கு இருபது வயது தாண்டியிருந்தது. உள்ளே இருந்த தூசியைத் துடைத்து, காண்டாக்டை சுத்தம் செய்து கொடுத்தேன். அடுத்த வாரம் அவன் நண்பன் டிரம் மெஷினோடு வந்தான். அதற்கடுத்த வாரம் மிக்ஸர். நான்காவது வாரம் எதையும் கொண்டு வரவில்லை, என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கிட்டார்காரன் கிட்டாரை எடுத்தால் வாசிக்க ஆரம்பித்துவிடலாம். இந்த மாதிரி குழுவில் அது நடக்காது. டிரம் மெஷின், சுரங்களை வரிசையாக நினைவில் வைத்து ஓட்டும் சீக்வென்சர், மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் கீபோர்டான சிந்தசைசர் இரண்டு, பதிவு செய்த ஒலித் துண்டுகளை வாசிக்கும் சாம்ப்ளர் எல்லாம் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பெயர் மிடி. அதுவும் 1983-ல் வந்ததுதான். அந்த ஜனவரியில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தின் நிறுவனம் செய்த புரொபெட்-600 சிந்தசைசரையும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர்-6-ஐயும் ஒரே கேபிளில் இணைத்துக் காட்டினார்கள், ஒன்றில் கட்டையை அமுக்கினால் இன்னொன்று பாடியது. போட்டிக் கம்பெனிகள் உட்கார்ந்து ஒரு பொது மொழிக்கு ஒத்துக்கொண்டன. இதற்காக டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013-ல் கிராமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. எங்கள் நாலு பேரால் ஒரு பெயருக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை என்பதை அப்போதெல்லாம் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன், சொன்னதில்லை.

நாற்பது நிமிட நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரம் வயர் போட வேண்டும். முடிந்ததும் ஒரு மணி நேரம் பிரிக்க வேண்டும், அந்த நேரத்தில் மற்ற நால்வரும் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார்கள். மொத்தம் 37 கேபிள். இரண்டாவது நிகழ்ச்சியிலேயே குழம்பிப்போய், ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் நம்பர் ஒட்டினேன், எந்த நம்பர் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். அப்புறம் அந்த நோட்டிலேயே எந்தப் பாட்டுக்கு எந்த ஒலி, டெம்போ எவ்வளவு, மிக்ஸரில் எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. "அண்ணாவோட மளிகை லிஸ்ட்" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

முதல் நிகழ்ச்சியில் பெரிய ஹம். ஸ்பீக்கரிலிருந்து "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில். மேடையின் இடது பக்கக் கருவிகளுக்கு ஒரு பிளக் பாயிண்ட், வலது பக்கத்துக்கு இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக எர்த்துக்குப் போகின்றன, நடுவில் ஆடியோ கேபிள் இரண்டையும் கோத்துவிடுகிறது, அந்த வளையத்துக்குள் மின்சாரத்தின் துடிப்பு புகுந்துவிடுகிறது. பாடகர் எங்கேயோ கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு எர்த் பின்னுக்கு டேப் சுற்றப் போனார். என் வாழ்க்கையிலேயே ஒரு பாடகரைப் பார்த்துக் கத்தியது அன்றைக்குத்தான். ஹம் போய்விடும், சரி, ஆனால் ஏதாவது ஒரு கருவியில் கசிவு இருந்தால் மைக்கைத் தொடுகிற ஆளும் போய்விடுவார். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றினேன். பாதி சத்தம் அடங்கியது. மீதிக்கு, கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைத்து அந்த வளையத்தை அறுக்கும், உள்ளே டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் கடன் வாங்கி வர வேண்டியிருந்தது.

ஐந்தாவது நிகழ்ச்சியை மறக்க முடியாது. மிடியில் கட்டையை அமுக்கியதற்கு ஒரு செய்தி, விட்டதற்கு ஒரு செய்தி. நடுவில் கேபிள் பிடுங்கிக்கொண்டால் 'விடு' என்ற செய்தி வரவே வராது. மூன்றாவது பாட்டின் முடிவில் பாடகர் பின்னால் நகர்ந்தபோது 14-ஆம் நம்பர் கேபிள் அவர் காலில் சிக்கி வந்துவிட்டது. ஆர்கன் மாதிரி ஒரு ஒலி அப்படியே நின்றுவிட்டது, நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது. கீபோர்டுக்காரன் கையைத் தூக்கிக் காட்டுகிறான், "நான் இல்லை" என்று. நான் இருட்டில் தவழ்ந்து போய் அந்த சிந்தசைசரை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவதற்குள் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். அணைந்ததும் கைதட்டல் அள்ளியது. அதற்கப்புறம் இரண்டு நிகழ்ச்சிகளில் அதை வேண்டுமென்றே செய்யச் சொன்னார்கள். கேபிளைப் பிடுங்குவது என் பொறுப்பு. மேடைக்கலை என்று நான் செய்தது அது ஒன்றுதான்.

இதெல்லாம் நல்ல காலம். ஆறாவது மாதம் லேப்டாப் வந்தது.

மிடியில் ஒரு கருவி மாஸ்டர். அது ஒரு தாளத்துக்கு, அதாவது ஒரு கால் நோட்டுக்கு, 24 துடிப்பு அனுப்பும், மற்றவை அதைக் கேட்டு நடக்கும். அதுவரை டிரம் மெஷின்தான் மாஸ்டர், அதனால் டிரம் மெஷின் ஓட்டியவன்தான் யாரும் சொல்லாமலே குழுவின் தலைவன். நால்வரில் லேப்டாப் கொண்டு வந்தவன் தன் மென்பொருள்தான் மாஸ்டராக இருக்க வேண்டும் என்றான். டிரம் மெஷின்காரன் விடவில்லை. ஒரு ரிகர்சலில் இரண்டையும் தனித்தனியாக நிமிடத்துக்கு 120 தாளத்தில் வைத்து ஒரே நேரத்தில் தட்டிவிட்டார்கள். திரையில் இரண்டும் 120 தான், ஆனால் எந்த இரண்டு கடிகாரமும் ஒன்றாக நடக்காது. மூன்றாவது நிமிடத்தில் குதிரை இரண்டு கால் இரண்டு கால் தனியாக ஓடுவது போல ஆகிவிட்டது. போதாததற்கு லேப்டாப்பின் தாமதம் வேறு. ஒலியை நொடிக்கு 44,100 சாம்பிளாக வெட்டி, 512 சேர்ந்ததும் அனுப்பும்படி பஃபரை வைத்தால் கிட்டத்தட்ட 12 மில்லிசெகண்ட் பின்னால் வரும். பஃபரைக் குறைத்தால் அந்தப் பழைய லேப்டாப் படபடவென்று பொரியும். "ஏதோ இடிக்குது அண்ணா" என்று பாடகர் ஒவ்வொரு ரிகர்சலிலும் சொல்வார். கேபிளில் தேடு, கேபிளில் தேடு என்று என்னைத்தான் விரட்டுவார்கள். கேபிளில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் லேப்டாப் ஜெயித்தது. அதில் வேலை சுலபம், அதை மறுக்க முடியாது. கேபிள் 37-லிருந்து 19 ஆனது, எனக்கே ஒன்றரை மணி நேரம் மிச்சம். சாம்ப்ளர் அலமாரிக்குப் போனது, பிறகு சீக்வென்சர், பிறகு அந்த டிரம் மெஷினும். பாட்டெல்லாம் லேப்டாப்புக்குள் போயின. டிஎக்ஸ் 7 மட்டும் கூடவே வந்தது, அந்தப் பையன் அதை விடமாட்டேன் என்றதால்.

ரோலண்டின் டிஆர்-808 டிரம் மெஷின் பற்றி ஒரு கதை உண்டு. அதன் சலசலப்புக்காக, தரச் சோதனையில் கழித்த ஒரு வகை டிரான்சிஸ்டரைத் தேடி வாங்கிப் போட்டார்களாம். செமிகண்டக்டர் தொழில் திருந்தத் திருந்தக் கழிசல் கிடைக்கவில்லை. 1980-ல் வந்த அந்த மெஷின் 1983-ல் நின்றுபோனது. எங்கள் குழுவும் அப்படித்தான் என்று எனக்கு ஓர் எண்ணம். எதுவும் சரியாக வேலை செய்யாத காலத்தில் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தார்கள். எல்லாம் சரியானதும் நாலு பேரும் திரையைப் பார்த்தார்கள்.

பெரிய சண்டை எதுவும் இல்லை. பதினோராவது நிகழ்ச்சிக்குப் பின் லேப்டாப்காரனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது, போய்விட்டான். அடுத்த ரிகர்சலுக்கு மூன்று பேர் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், வாசிக்க ஒன்றும் இல்லை. பாட்டெல்லாம் அவன் பைக்குள் போயிருந்தது. ஒரு மணி நேரம் வேறு ஏதோ பேசிவிட்டுக் கலைந்தோம். பதிவு செய்த நாலு பாட்டும் வெளிவரவில்லை, அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் சில மாதத்தில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பல வருடம் கழித்து டிஎக்ஸ் 7 பையன் போன் செய்தான். இப்போது பையன் இல்லை, குரல் தடித்திருந்தது.

"அண்ணா, கீபோர்டு உள்ள பேட்டரி போயிடுச்சு. ஸ்கிரீன்ல ஏதேதோ எழுத்து வருது. நம்ம ஒலி ஒண்ணுகூட இல்ல."

அந்தக் கீபோர்டு தன் 32 ஒலிகளையும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன பேட்டரியின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கும். பேட்டரியை மாற்றலாம், போன ஒலி வராது. கம்பெனி ஒலிகள் எங்கேயும் கிடைக்கும். அவன் கேட்டது இரண்டாவது பாட்டின் ஆரம்பத்தில் வரும் மணிச் சத்தம், அவனே பல இரவு உட்கார்ந்து செய்தது.

நோட்டு இருந்தது. ஒரு ஒலிக்கு 145 எண்கள், பெயர் எழுத்துகள் தனி. ஒலியைச் சேர்ந்து உண்டாக்கும் ஆறு ஆபரேட்டர், ஒவ்வொன்றுக்கும் இருபத்தொரு எண். நான் படிக்கப் படிக்க அவன் பட்டனை அமுக்கினான், நான் "ம்" என்பேன், அவன் "ம்" என்பான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்றாவது ஆபரேட்டரின் அதிர்வெண் எண்ணில் மட்டும் மாட்டிக்கொண்டோம், என் கையெழுத்தில் அது ஒன்றா ஏழா என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்று போட்டான். தகர டப்பாவைத் தட்டியது போல இருந்தது. கொஞ்ச நேரம் பட்டன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த மணி அடித்தது, போனுக்குள் சன்னமாக, வால் நீண்டு.

"ஏழுதான் அண்ணா."