அளவிகள் முதலில்: வண்டிக்கும் எனக்கும் வாங்கியவை, 14 மாதக் குறிப்பு

பெங்களூர் அல்சூரில் குடியிருக்கும் நான் மாதம் இரு முறை ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போய் வருகிறேன். போக வர ஏறத்தாழ 400 கிலோமீட்டர். மற்ற நாட்களில் கோரமங்கலா அலுவலகத்துக்கும் அதே 160 சிசி மோட்டார் சைக்கிள்தான். பராமரிப்பை இயன்றவரை நானே செய்வது என்று சென்ற ஆண்டு ஏப்ரலில் முடிவு செய்தபோது மீட்டர் 22,400 காட்டியது. அன்று முதல் நோட்டில் எழுதி வந்தவற்றிலிருந்து இதை எழுதுகிறேன்.

முதல் மாதம் நான் வாங்கியவை பெரும்பாலும் துடைப்பதற்கும் பளபளக்க வைப்பதற்குமான பொருட்கள். அவற்றால் வண்டி அழகாக இருந்ததே தவிர, அதன் நிலை எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிய வைத்த முதல் பொருள் டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு சிறிய டிஜிட்டல் ஏர் கேஜ். பங்க்கில் பின் டயருக்கு 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வைத்துவிட்டு, மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் அளந்தால் 28 காட்டியது. ஓடிச் சூடேறிய டயரில் காற்றழுத்தம் இரண்டு மூன்று அலகு கூடுதலாகக் காட்டும் என்பது ஒரு காரணம். அந்த பம்ப்பின் அளவி பிசகியிருந்தது இன்னொன்று. என் கேஜ் சரியானதுதானா என்ற ஐயத்தில் நண்பர் ஒருவரின் கேஜுடனும் டயர் கடையின் கேஜுடனும் ஒப்பிட்டேன். மூன்றும் ஓர் அலகுக்குள் ஒத்துப்போயின. அதன்பிறகு 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறிய பம்ப் ஒன்றை வாங்கி, வாரம் ஒரு முறை டயர் குளிர்ந்திருக்கும்போது வீட்டு வாசலிலேயே காற்றுப் பிடித்து வருகிறேன். திருப்பங்களில் வண்டி இழுப்பதுபோல் தோன்றிய தொல்லை அத்துடன் நின்றது.

ஜூன் மாதம், 24,100 கிலோமீட்டர். ஆயில் மாற்றுவதற்காக, என்ஜினின் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றியபோது, அதனுடன் அலுமினிய மரையின் துகள்களும் சுருளாக வந்தன. முந்தைய சர்வீஸில் யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். மரை போட்டுத் தருவதற்காகப் பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் போல்ட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இரும்பு போல்ட்டு, அலுமினிய உடம்பு. கை பலத்தைக் காட்டுற இடம் இது இல்லை" என்றார். அந்த வாரமே எஸ்.பி. ரோட்டுக்குப் போய், போல்ட்டை எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கினேன்.

இதில் நான் செய்த தவற்றை விரிவாகவே சொல்ல வேண்டும். கடையில் இருந்தவற்றில் பெரியதே எல்லாவற்றுக்கும் போதும் என்று எண்ணி, 20 முதல் 100 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் ரெஞ்ச்சை எடுத்துவந்தேன். பின்சக்கர ஆக்ஸில் நட்டுக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் வண்டியில் உள்ள சிறிய போல்ட்டுகள் பலவற்றுக்குக் கையேடு சொல்லும் அளவு 10, 12 அளவில்தான் இருக்கிறது. அவை இந்த ரெஞ்ச்சின் எல்லைக்குள் வரவே வரா. தவிர, இந்த வகை ரெஞ்ச் தன் எல்லையின் அடிப்பகுதியில் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. எனவே 5 முதல் 25 வரை அளக்கும் சிறிய ரெஞ்ச் ஒன்றைப் பின்னர் தனியாக வாங்க நேர்ந்தது. யாராவது கேட்டால், கையேட்டில் உள்ள அளவுகளை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகச் சொல்வேன். வேலை முடிந்ததும் ரெஞ்ச்சை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைப்பதையும் மறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நெடுநாள் இறுகியே இருந்தால் அளவு பிசகும்.

ஆகஸ்ட் மாதம், செயின். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு வந்தபிறகு இந்த வேலை எளிதாயிற்று. ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் ஆகாது, ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். அதற்கு ஏற்றது என்று எழுதப்பட்ட கிளீனரும் மென்மையான பிரஷும் போதும். சக்கரத்தைக் கையால்தான் சுழற்ற வேண்டும். என்ஜினை ஓட விட்டுத் துடைத்து விரலை இழந்தவர் ஒருவரை நான் அறிவேன்.

என் வண்டிக்குச் செயினின் தளர்வு, அதாவது அது மேலும் கீழும் அசையும் தூரம், 25 முதல் 35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கையேடு அதை சைடு ஸ்டாண்டில் நிறுத்தி அளக்கச் சொல்கிறது. ஓரிடத்தில் மட்டும் அளந்து திருப்தி அடைந்திருந்த நான், சக்கரத்தைக் கால் சுற்றாக நகர்த்தி நான்கு இடங்களில் அளந்தபோது 29, 34, 44, 36 என்று வந்தது. செயின் ஒரே சீராகத் தேயவில்லை என்பதற்கு அதுவே சான்று. மிகத் தளர்ந்த இடத்தைப் பார்த்து இறுக்கினால், இறுக்கமான இடம் ஒவ்வொரு சுற்றிலும் கியர்பெட்டியின் ஷாஃப்டையும் பேரிங்கையும் இழுத்து வதைக்கும்; இறுக்கமான இடத்தை வைத்துச் சரி செய்தாலோ மற்ற இடத்தில் செயின் அடித்துக்கொள்ளும். செயின் ஓடும் பற்சக்கரங்களான இரண்டு ஸ்பிராக்கெட்டுகளுடன் சேர்த்து மொத்தமாக மாற்றுவதே வழி. ஜே.சி. ரோட்டில் வாங்கி நானே மாட்டினேன். ஏழு ரூபாய் ஸ்கேல் ஒன்று சொல்லித் தந்த விஷயம் இது.

அக்டோபர் மழையில் மேல்கோட்டு பற்றிய என் எண்ணம் மாறியது. கோடையில் கிருஷ்ணகிரிக்கு அப்பால் அடிக்கும் வெயிலுக்கு வலைத்துணி ஜாக்கெட்தான் தாங்கும் என்பதால் அதையே அணிந்து வந்தேன். அதனுடன் வந்த மழைத்துணி உள்ளே அணிவது. உடல் நனையாது, ஆனால் ஜாக்கெட் முழுவதும் நீரை உறிஞ்சிக் கனத்து, காற்றில் குளிர்ந்து நடுங்க வைத்தது. வெளியே அணியும் தனி மழைக்கோட்டுதான் சரி. ஜாக்கெட்டுக்குள் இருந்து, விழும்போது அடியைத் தாங்கும் காப்புப் பட்டைகளைப் பொறுத்தவரை, கை கால்களுக்கான ஐரோப்பியத் தரம் 1621-1-இல் முதல் நிலை சராசரியாக 35 கிலோநியூட்டன் வரையும், இரண்டாம் நிலை 20 வரையும் விசையை உள்ளே விடலாம். ஆகவே இரண்டாம் நிலையைத் தேடி வாங்கினேன். ஆனால் அதைவிட முக்கியம், கடையில் நிற்கும் வண்டியில் ஏறி ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்ப்பது. நின்றபோது முழங்கையில் சரியாக இருந்த பட்டை, கையை நீட்டியதும் இரண்டு அங்குலம் மேலே ஏறிவிட்டது. அந்த ஜாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு, அதைவிட மலிவான வேறொன்றைத்தான் எடுத்தேன்.

ஜனவரியில் ஹெல்மெட். பழையது ஐந்து வயதைத் தாண்டியிருந்தது. புருவத்துக்குச் சற்று மேலே தையல் டேப்பைச் சுற்றி அளந்தால் 57 சென்டிமீட்டர். ஆனால் ஒரே 57-க்கு ஒரு நிறுவனம் மீடியம் என்கிறது, இன்னொன்று லார்ஜ் என்கிறது. கடையில் இருபது நிமிடம் கழற்றாமல் அணிந்திருந்தேன். கன்னங்களை அழுத்த வேண்டும், நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலிக்கக் கூடாது. வாரைக் கட்டியபின் பிடரிப் பக்கம் பிடித்து முன்னோக்கித் தூக்கினால் கழன்று வரக் கூடாது. இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ்-இன் ஐ.எஸ். 4151 தர முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பது 2021 ஜூன் முதல் குற்றம். முத்திரையுடன் உள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டு நாமே சரிபார்க்கலாம். கடைக்காரர் முன்னிலையிலேயே அப்படிச் செய்தேன், அவரும் பொறுமையாக நின்றார்.

மார்ச்சில் ஊத்தங்கரைக்கு அருகே ஆணி ஏறியது. பஞ்சர் கிட்டில் ஆணித் துளையைச் சீராக்கும் துளைப்பானுக்குப் பிளாஸ்டிக் கைப்பிடி, பாதியில் முறிந்தது. இப்போது உலோகக் கைப்பிடி உள்ளதையே வைத்திருக்கிறேன்.

இன்று மீட்டரில் 38,000. புதிய செயின் நான்கு இடங்களிலும் 29-க்கும் 31-க்கும் இடையில் நிற்கிறது. பின் டயரின் தேய்மானக் குறிக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்தான் மீதி. பெங்களூரில் மழை வலுப்பதற்கு முன் அதை மாற்றிவிடுவேன்.