ஸ்கைரிமில் எனக்கான வில்லைத் தேடிப் பிடித்த அனுபவம்

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமின் தொடக்கத்தில், ஹெல்கன் என்ற ஊரிலிருந்து தப்பிக்கும் சுரங்கப் பாதையில் ஒரு கரடி படுத்திருக்கும். கூட வருகிறவர் வில்லை நம்மிடம் நீட்டுவார். அடிப்பதானால் அடி, இல்லையென்றால் சத்தம் போடாமல் தாண்டிவிடலாம் என்பார். நான் அடித்தேன். குனிந்தபடி, வில்லை முழுசாக இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்ட அந்த முதல் அம்பிலேயே முடிவாகிவிட்டது: இந்த முறை வாளும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம், வில்லை மட்டுமே நம்பி வளர்க்கும் ஆர்ச்சர் பில்டுதான்.

ஆரம்பத்தில் எல்லாம் சுலபமாகப் போனது. ரிவர்வுட் கிராமத்தில் ஃபேண்டல் என்ற வில்லாளி இருக்கிறார். அவருக்கு உதவி செய்து கூடவே வரவைத்துவிட்டால், காசு கொடுத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டு, அதே காசை அவர் பையிலிருந்து திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஆர்ச்சரியை (வில் திறன்) 50 வரை அவரிடமே ஏற்றினேன். ஓவர்ட்ரா என்ற பெர்க்கில் (லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளியைப் போட்டு எடுக்கும் சிறப்புத் திறன்) ஒவ்வொரு படிக்கும் டேமேஜ், அதாவது அடியின் பலம், 20 சதவீதம் கூடுகிறது. புள்ளி கிடைத்தபோதெல்லாம் அதில் போட்டேன். ஸ்னீக் (பதுங்கும் திறன்) பக்கம் டெட்லி எய்ம் என்ற பெர்க்கை எடுத்ததும், மறைந்திருந்து விடும் அம்பு இரண்டு மடங்குக்குப் பதில் மூன்று மடங்கு அடித்தது.

வில் விஷயத்தில்தான் தப்பான வழியில் போனேன். வில் வகைகளின் டேமேஜ் இப்படி: லாங் போ 6, ஹன்டிங் போ 7, ஆர்கிஷ் 10, ட்வார்வன் 12, எல்வன் 13, கிளாஸ் 15, எபனி 17, டேட்ரிக் 19. பெரிய எண் கிடைக்கக் கிடைக்க மாற்றிக்கொண்டே வந்தேன். திருடர் கில்ட் கதையில் கார்லியா தரும் நைட்டிங்கேல் வில்லை 20-ஐத் தாண்டிய லெவலிலேயே வாங்கிவிட்டேன். அந்த வில்லின் டேமேஜ், வாங்கும்போது நாம் இருக்கும் லெவலைப் பொறுத்து 12 முதல் 19 வரை அமைகிறது. 46-க்குப் பிறகு போயிருந்தால் 19 கிடைத்திருக்கும். என் கைக்கு வந்தது 13. வாங்கின பிறகு நாம் எவ்வளவு வளர்ந்தாலும் அது வளராது. இனி ஆடப்போகிறவர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள்: அந்தக் குவெஸ்டை (கதைப் பணி) தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம் ஸ்மிதிங்கை (ஆயுதம் செய்யும் திறன்) 90-க்கு ஏற்றி, அதற்குத் தேவையான டேட்ரா இதயம் என்ற பொருளைத் தேடிப் பிடித்து, டேட்ரிக் வில்லைச் செய்தேன். இனி கவலையில்லை என்று நினைத்தேன். டிராகர் என்ற நடமாடும் பிணங்கள் இருக்கும் ஒரு கல்லறையில் அவர்களில் மூன்று பேர் நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் அம்பு, ஒருவன் காலி. சத்தத்தில் மற்ற இருவரும் முழித்துவிட்டார்கள். அடுத்த அம்பை இழுக்கிறேன், இழுக்கிறேன், நாண் இன்னும் முழுசாக வரவில்லை. கோடரி தலைக்கு மேலே வந்துவிட்டது. அரைகுறையாக இழுத்து விட்டால் டேமேஜும் அரைகுறைதான். அதே இடத்தில் மூன்று முறை செத்தேன்.

இன்வென்ட்டரியில் (கையிருப்புப் பட்டியல்) டேமேஜும் எடையும் விலையும் தெரியும்; நாணை இழுக்கும் வேகம் தெரியாது. பிறகுதான் தேடிப் படித்தேன். லாங் போவின் வேகம் 1. டேட்ரிக்கின் வேகம் 0.5. டேமேஜ் ஏற ஏற வேகம் படிப்படியாக இறங்குகிறது. நைட்டிங்கேலும் 0.5தான்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அம்புக்குத் தனி டேமேஜ் உண்டு, அது வில்லோடு கூட்டப்படுகிறது. எபனி அம்பு 20. டேட்ரிக் வில்லில் வைத்தால் 39. செஃபிர் என்ற வில்லின் டேமேஜ் 14, அதில் வைத்தால் 34. வில்லை மட்டும் பார்த்தால் 19-க்கும் 14-க்கும் பெரிய இடைவெளி. அம்போடு சேர்த்துப் பார்த்தால் அது எட்டில் ஒரு பங்குதான். செஃபிரின் வேகமோ 1.

செஃபிர் டான்கார்ட் என்ற டிஎல்சியில் (கேமின் கூடுதல் பகுதி) வருகிறது. ஆர்க்ந்தம்ஸ் என்ற இடிபாட்டில் இருக்கிறது; ட்வெமர் என்ற பழைய இனம் கட்டியது. கத்ரியா என்ற ஆவி கூடவே வந்து பேசும். ஒரு பெரும் பள்ளத்தின் மேல் மரக்கட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். வில் அதன் மேல் கிடக்கிறது. சேவ் செய்துவிட்டு, ஓடாமல், அடி மேல் அடி வைத்துப் போய் எடுத்தேன். கீழே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த வில் லெவலைப் பொறுத்து மாறாது. சீக்கிரம் போனாலும் நஷ்டமில்லை, வழியில் வரும் ஃபால்மர் என்ற குகை எதிரிகளைச் சமாளிக்க முடிந்தால் போதும்.

செஃபிரையும் டேட்ரிக்கையும் நேருக்கு நேர் பார்க்க ஆங்கியின் முகாமுக்குப் போனேன். ஃபால்க்ரீத் என்ற ஊருக்குத் தெற்கே மலைமேல் இருக்கிறது. அங்கே இலக்குப் பலகைகள் உண்டு, ஆங்கி பயிற்சியும் தருவார். ஒரே பலகை, ஒரே தூரம், ஒவ்வொரு முறையும் முழு இழுப்பு. செஃபிரில் பத்தாவது அம்பு பலகையில் குத்தும்வரை நேரம் பார்த்துக்கொண்டேன். அதே நேரத்தில் டேட்ரிக்கில் பாதியைக் கொஞ்சம் தாண்டத்தான் முடிந்தது. அப்போதே பதில் தெரிந்துவிட்டது. அந்தக் கல்லறைக்குத் திரும்பினேன். முதல் டிராகர் விழுந்தான், இரண்டாமவன் படியில் இறங்குவதற்குள் இரண்டு அம்பு, மூன்றாமவன் கோடரியைத் தூக்குமுன் முடிந்தது.

கிராஸ்போவையும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். சாதாரணக் கிராஸ்போவே 19, ட்வார்வன் கிராஸ்போ 22. மேம்படுத்தப்பட்ட கிராஸ்போ எதிரியின் கவசத்தில் பாதியை மதிக்காது. முன்கூட்டியே லோடாகி இருப்பதால் முதல் அடி உடனே போகும். ஆனால் போல்ட் (கிராஸ்போவின் அம்பு) தீர்ந்தால் எங்கே போவது என்ற கவலை எனக்கு ஓயவில்லை. அம்பு என்றால் எந்தக் கொள்ளைக்காரன் பையிலும் கிடைக்கும். ஆரியலின் வில் என்று இன்னொன்றும் உண்டு; வேகத்தில் செஃபிருக்குச் சமம், டேமேஜ் 13, கூடவே 20 சூரிய டேமேஜ், அதுவும் இறந்தெழுந்தவர்களுக்கு மூன்று மடங்கு. டிராகர் கல்லறை என்றால் இன்றும் அதைத்தான் கையில் எடுக்கிறேன். அதன் மந்திர சார்ஜ் தீராமல் இருக்க, அதை நிரப்பும் சோல் ஜெம் என்ற கல் கையிருப்பு வேண்டும், அவ்வளவுதான்.

டேட்ரிக் வில்லை விட மனமில்லாதவர்கள் டிராகன்போன் வில்லைப் பாருங்கள். 20 டேமேஜ், வேகம் 0.75. டேட்ரிக்கை எடுக்க ஒரு காரணமும் மிச்சம் வைக்காத வில் அது. எடை 20 என்பது ஒன்றுதான் உறுத்தும். ஒளிந்திருந்து ஒரே அம்பில் முடிக்கும் ஆட்டம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

என் ஆட்டம் அப்படி இல்லை. ஆர்ச்சரி 70-இல் குவிக் ஷாட் என்ற பெர்க்கை எடுத்த பிறகு செஃபிர் இன்னும் 30 சதவீதம் வேகமாகிவிட்டது. போன வாரம் வைட்ரன் நகருக்கு வெளியே டிராகன் ஒன்று வட்டமடித்தது. முன்பெல்லாம் அது ஒரு முறை கடந்து போவதற்குள் ஒரு அம்புதான் விட முடியும். இந்த முறை நான்கு. நான்காவது இறக்கையடியில் குத்தியதும் அது தரையில் இறங்கி, புல்லை உழுதுகொண்டே என் முன்னால் வந்து நின்றது. அப்போதும் பின்வாங்கிக்கொண்டே அடிக்க எனக்கு நேரம் இருந்தது.